முதலில் பயன்படுத்திய தேதி

பாலிஷ் டப்பாவின் மூடியில் இரட்டைப் பின்னல் போட்டுச் சிரிக்கும் சிறுமி வேறு யாருமில்லை, அக்காதான். ஏழு வயதில் பள்ளிக்கூடத்துக்காக எடுத்த போட்டோவைக் கொடுத்து அப்பா வரைய வைத்த படம். ஊரில் பாதிப் பிள்ளைகளின் ஷூ அந்த டப்பாவால்தான் பளபளத்தது. இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. பின்னல் ஒன்றாகி, அதுவும் எலிவாலாகிவிட்டது.

கல்யாணம் நிலைக்காமல் திரும்பி வந்த நாளிலிருந்து பதினாறு வருடமாக, மெழுகும் டர்பன்டைனும் மணக்கும் அந்தத் தொழிற்கூடத்தின் முன்னறையில் கடிதம், லைசென்ஸ், ரசீது எல்லாம் அவள் பொறுப்பு. அப்பா இறந்ததும் தொழில் தம்பி பேருக்கு மாறியது. “ஒரு வசதிக்குத்தான்க்கா” என்றான். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எவனோ ஒருவன் இதே சாயலில், இரட்டைப் பின்னலோடு ஒரு டப்பாவைச் சந்தையில் இறக்கியபோதுதான் தம்பிக்குச் சுரீரென்று உறைத்தது.

“டிரேட்மார்க் பதிஞ்சாகணும்க்கா. பேப்பரெல்லாம் நீதான் ரெடி பண்ணணும். உன்ன விட்டா யாருக்குத் தெரியும்?”

மூன்று வாரம் அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. இரும்பு பீரோவின் அடித்தட்டைக் குடைந்ததில் முதல் லேபிள் அச்சடித்த அச்சகத்தின் பில் கிடைத்தது. ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தாலும் தேதி பிழைத்திருந்தது. பழைய செய்தித்தாள் விளம்பரம் ஒன்று, டப்பாக்களை அடுக்கிவைத்து அப்பா முன்னால் நிற்கும் போட்டோ ஒன்று. எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு சேர்த்து வருடவாரியாக எண் போட்டுக் கோப்பில் வைத்தாள். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம்.

தம்பியும் அவளும் எதிரே உட்கார்ந்திருக்க, டிரேட்மார்க் ஏஜென்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

“இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டுவந்ததில்லம்மா. முப்பத்திநாலு வருஷத்துக்கு ஆதாரம் இருக்கு. அந்த ஆளு வாயே திறக்க முடியாது.”

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி அவர் விண்ணப்பத்தின் வரைவை நீட்டினார். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் தம்பியின் பெயர். அதற்குக் கீழே தம்பி பெண்டாட்டியின் பெயர். அவ்வளவுதான். அவள் இரண்டு முறை படித்தாள். பிழை ஒன்றுமில்லை.

“படத்துல இருக்கிற பொண்ணு யாரு? நிஜ ஆளுன்னா அவங்க சம்மதக் கடிதம் வைக்கணும்” என்றார் ஏஜென்ட்.

“அதெல்லாம் யாருமில்ல சார். சும்மா கற்பனைப் படம்” என்றான் தம்பி.

“நான்தான் சார்” என்றாள் அவள்.

ஏஜென்ட் டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அட, ஆமா. அதே கன்னக்குழி. அப்ப பிரச்சினையே இல்லையே, ஒரு கையெழுத்துதானே.”

தெருவுக்கு வந்தபிறகுதான் தம்பி வாயைத் திறந்தான். “அங்க வச்சுத்தான் சொல்லணுமாக்கா?”

“வேற எங்கடா சொல்றது? பிரமாணப் பத்திரத்துல பொய் எழுதச் சொல்றியா?”

“இன்னைக்குக் கையெழுத்துப் போடுவ. நாளைக்கு?”

“நாளைக்கு என்ன?”

அவன் முன்னால் நடந்தான்.

அன்று மாலையே சம்மதக் கடிதத்தைத் தானே டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, அவன் மேஜையில் வைத்தாள். என் பேரையும் சேர்த்திருக்கலாமேடா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. பத்து நாளாகியும் கடிதம் வைத்த இடத்திலேயே கிடந்தது. தம்பி பெண்டாட்டி முன்னறையைக் கடக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்தபடி போனாள்.

பதினோராம் நாள், அசல் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி ஏஜென்ட் போன் செய்தார்.

“தாக்கல் பண்ணியாச்சா சார்?” என்று கேட்டபடி உள்ளே போனாள். அவர் தயங்கி, தாக்கல் செய்த விண்ணப்பத்தின் நகலைக் காட்டினார். அதிலும் இரட்டைப் பின்னல்தான். ஆனால் முகம் தம்பி மகளுடையது. சம்மதம் கொடுத்திருந்தது அந்தக் குழந்தையின் அப்பா என்ற முறையில் தம்பியேதான். முதலில் பயன்படுத்திய தேதி என்ற இடத்தில், ‘இனிமேல்தான் பயன்படுத்த உள்ளது’ என்றிருந்தது.

“படம் மாறினா பழைய ஆதாரம் இதுக்கு ஒட்டாதுன்னு சொன்னேம்மா. அந்த ஆளு நமக்கு முந்தினவனாயிடுவான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். உங்க தம்பி கேக்கல.”

கோப்பை அணைத்துக்கொண்டு நேராகத் தொழிற்கூடத்துக்குப் போனாள்.

“முப்பத்திநாலு வருஷத்தத் தூக்கிப் போட்டுட்டியேடா. அவன் கோர்ட்டுக்கு இழுத்தா என்ன பண்ணுவ?”

தம்பி நிமிராமலே சொன்னான். “அவன்கூட சண்ட போட்டுக்கலாம்க்கா. உன்கூட போட முடியுமா?”

“நான் எப்படா உன்கிட்ட சண்டைக்கு வந்தேன்?”

“வந்தா என்ன பண்றதுன்னுதான்.”

குரலில் கோபம்கூட இல்லை. நாளெல்லாம் யோசித்து முடிவு கண்டவனின் நிதானம் இருந்தது. திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பாள்.

அன்றைக்கு அனுப்பவேண்டிய கடிதம் இரண்டு பாக்கி இருந்தது. முடித்து உறையிலிட்டு ஒட்டினாள். மறுநாளிலிருந்து தொழிற்கூடத்துக்குப் போகவில்லை. யாரும் வந்து கூப்பிடவும் இல்லை. நான்காம் நாள் தம்பி பெண்டாட்டி போன் செய்து, லைசென்ஸ் புதுப்பிக்கக் கடைசி நாள் எது என்று கேட்டாள். அவள் தேதியைச் சொன்னாள். எந்த அலுவலகம், எத்தனை நகல் என்பதையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.