கூச்சல் போட ஆள் தேவை

1

இந்தக் கதை பிறந்ததற்கு இலக்கிய தாகமெல்லாம் காரணமில்லை. ஒரு நாடகத்துக்கு வெள்ளைக்காரர்கள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஊர் பெல்மோர், அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலம். அரசுப் பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன். வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்துக்கொண்டிருந்த இதே பள்ளிக்குள் 1965-இல் ஆர்னெட்டா என்ற கறுப்பினச் சிறுமி முதன்முதலாகப் படியேறிப் போனாள். இரண்டு பக்கமும் வெள்ளையர் கூட்டம் நின்று கத்தியது, துப்பியது. அவள் தலை குனியவில்லை. அறுபதாம் ஆண்டு விழாவில் அதை நடித்துக் காட்டவேண்டும்.

ஆர்னெட்டாவாக நடிப்பவள் ஜனாயா. வயது பதினைந்து. தலை குனியாமல் நடக்க வாரக்கணக்கில் பழகுகிறாள். கத்துவதற்குத்தான் கூட்டமில்லை. இன்று பள்ளியில் ஒரு வெள்ளைப் பிள்ளைகூடக் கிடையாது.

(அடிக்குறிப்பாகப் போட்டிருக்கவேண்டியது: இனி கறுப்பர்களான எங்களைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் வெள்ளைக்காரர்களே கிளம்பிப் போய், பருத்திக்காட்டுக்கு அந்தப் பக்கம் அகாடமி என்று ஒரு தனியார் பள்ளி கட்டிக்கொண்டார்கள். நிறத்துக்காக அல்லவாம், நல்ல காற்றோட்டத்துக்காக.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பருத்தி வெடித்துக் கிடந்த அந்தச் செப்டம்பர் காலையில், வரலாறு தன்’

வேண்டாம். பருத்தியும் வரலாறும் ஒரே வாக்கியத்தில் வந்தால் பரிசு கொடுத்துவிடுவார்கள்.

3

அகாடமியின் தலைமையாசிரியர் ஹோல்ட்டிடம் ஐந்து மாணவர்களை இரவல் கேட்கப் போனேன். குளிர்ந்த இனிப்புத் தேநீர் கொடுத்து உபசரித்தார்.

“எங்க பிள்ளைங்க மனசு நொந்துபோகும் டீச்சர். இந்தக் காலத்துல யாரு அப்படி இருக்கா?”

“நடிப்புதானே சார்.”

“அப்ப அந்தப் பொண்ணைக் கைகுடுத்து வரவேற்கிற மாதிரி வேஷம் போடுங்களேன். அஞ்சு பேர் என்ன, அம்பது பேரை அனுப்புறேன்!”

[இவரை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். புயலில் எங்கள் பள்ளிக் கூரை பறந்தபோது முதல் ஆளாகத் தார்ப்பாயோடு வந்தவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுத எவ்வளவு சுலபம்!]

4

வேறு வழியில்லாமல் எங்கள் பிள்ளைகளையே கூட்டமாக நிறுத்தினேன். முன்னால் டெமாரியஸ், ஜனாயாவுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே நண்பன். தலையில் மஞ்சள் விக்.

“கத்துடா.”

“வீட்டுக்குப் போடி!”

“இன்னும் வெறுப்பா.”

“முடியல மிஸ். இவ நேத்துதான் எனக்கு ஹோம்வொர்க் போட்டுக் குடுத்தா.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜனாயா மட்டும் சிரிக்கவில்லை. “டேய், நீ பல்லைக் காட்டிக்கிட்டு நின்னா நான் எதை எதிர்த்துத் தலை நிமிர்றது? ஒழுங்கா கத்து.”

கத்தினான். அன்று கூட்டம் ஆர்னெட்டாவைச் சொன்ன, கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்த வார்த்தையையே சொல்லிக் கத்தினான். வாரக்கணக்கில் பழகியவள் பாதிப் படியில் தலை குனிந்தாள். டெமாரியஸ் விக்கைப் பிடுங்கி எறிந்தான்.

“ஸாரி ஜனா.”

“நீ கத்தாதடா. அது உன் வேலை இல்ல.” அவள் என்னைப் பார்த்தாள். “அந்த இடம் காலியாவே இருக்கட்டும் மிஸ். அன்னைக்குக் கத்துறதுக்காவது வந்தாங்க. இன்னைக்கு அதுக்குக்கூட யாரும் வரல.”

[பதினைந்து வயதுப் பெண் இப்படிப் பேசுவாளா என்று பத்திரிகை ஆசிரியர் கேட்பார். அதனால் அழித்தேன். வேறு எதை எழுதினாலும் பொய்யாக இருந்தது. திரும்பவும் எழுதிவிட்டேன்.]

5

முடிவு ஒன்று: அகாடமிப் பிள்ளைகள் பருத்திக்காட்டைத் தாண்டி ஓடி வருகிறார்கள். (இதைப் படித்து என் கணவர் கண்கலங்கினார். உடனே நீக்கிவிட்டேன்.)

முடிவு இரண்டு: ஒலிபெருக்கியில் கூச்சலை ஓடவிடுகிறோம். (ஜனாயா ஒப்புக்கொள்ளவில்லை.)

முடிவு மூன்று: நாளைதான் விழா. படிகளின் இரண்டு பக்கமும் வெறும் தரை. முன்வரிசையில் ஆர்னெட்டா, இப்போது நரைத்த தலையோடு. பக்கத்தில் ஹோல்ட், பலமாகக் கைதட்டுவார். ஜனாயா தனியாகப் படியேறுவாள். பாதிப் படியில் தலை

இதற்குமேல் எழுத வரவில்லை. படிகளின் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தை உங்களுக்கு விட்டுவிடுகிறேன். நீங்கள் கத்தவேண்டாம், வந்து நின்றால் போதும். உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில், யார் யாரோடு படிக்கிறது என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. ஹோல்ட்டிடம்தான் கேட்டேன், அன்று தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் வைத்து: எங்கள் பள்ளிக்கு ஏன் யாரும் வருவதில்லை?

அவர் கோபப்படவில்லை. “பிள்ளை நல்ல ஸ்கூல்ல படிக்கணும்னு எந்த அப்பா அம்மா நினைக்க மாட்டாங்க? நீங்களே சொல்லுங்க.”

நீங்களே சொல்லுங்கள்.