சர்வேயர் வீட்டம்மாவின் கால்

கால் எப்படி இருக்கிறது என்று இதோடு மூன்றாவது ஆள் கேட்டாயிற்று, என் காலுக்கு என்ன கேடு, முப்பது வருடம் பள்ளி மைதானத்தில் விசிலும் கையுமாக ஓடின கால்... பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்த இந்தத் தெருவுக்குள் நுழைந்ததிலிருந்து ஒருவராவது என் முகத்தைப் பார்க்க வேண்டுமே, எல்லோருக்கும் என் செருப்பின் மேல்தான் கண். பழைய வீடுகளைப் பார்த்துக்கொண்டு நடக்கிற கூட்டம் இது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பேட்டை, இத்தனை வருடமாக இவர்களை அழைத்துக்கொண்டு சுற்றியவர் என் வீட்டுக்காரர், சர்வே ஆபீசில் வேலை பார்த்தவர், எந்தச் சுவரைப் பார்த்தாலும் கையால் தட்டிப் பார்க்காமல் நகராத மனிதர். அவர் போய் நாலு மாதம் ஆகிறது. அவர் நினைவாக ஒரு நடை, நீங்களும் கட்டாயம் வரவேண்டும் என்று பல் டாக்டர் போன் செய்தார், இப்போது அவர்தான் தலைவர். கார் அனுப்பட்டுமா என்றார். எதற்கு என்றேன். இல்லை, உங்களால் முடியுமா என்று... என இழுத்தார். வயதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வீடு ஏதோ ஆலை முதலாளி கட்டியதாம், இரண்டு வாசல், வண்டி வர ஒன்று, ஆட்கள் வர ஒன்று, சன்னலில் வண்ணக் கண்ணாடி, பாதி உடைந்து அட்டை வைத்து அடைத்திருந்தது. டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், அப்போது கூட்டத்தில் வந்த மருந்துக்கடைக்காரம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “சார் சொல்லிச் சொல்லி உங்கள எங்களுக்கு நல்லாத் தெரியும்மா. பாவம், எத்தனை வருஷம் படுத்த படுக்கையா இருந்தீங்க.” யார், நானா? படுத்த படுக்கையாகவா? அவளே வாரம் தவறாமல் ஆரஞ்சு கொடுத்து அனுப்புவாளாம், தெம்பு வரட்டும் என்று. ஐயோ, அந்த ஆரஞ்சா... எவன் உங்க தலையில இந்தப் புளிப்பைக் கட்டினான் என்று நான் கத்துவேன், அவர் பாட்டுக்கு உட்கார்ந்து உரித்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாகத் தட்டில் வைப்பார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர் என்று என் தங்கையிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், அந்த மனிதர் இத்தனை பேர் காதிலும் பூச்சுற்றியிருக்கிறார். உண்மையைச் சொல்லிவிட வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருப்பேன், ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது, டாக்டர் வேறு நடுநடுவே சார் சொல்வார், சார் சொல்வார் என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் செத்து நாலே மாதத்தில் அவர் பொய்யர் ஆகிவிடுவார், எழுந்து வந்து பதில் சொல்லவும் முடியாது. அடுத்த அடியில் வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தேன்.

கள்ள நொண்டி எனக்குப் புதிதா என்ன, அதைப் பிடிப்பதுதானே என் பிழைப்பு. ஓட்டத்துக்குப் பயந்து நொண்டுகிற பிள்ளைகளைப் படிக்கட்டுக்கு அனுப்பிவிடுவேன், நிஜமாகக் கால் வலிப்பவன் ஏறும்போது நல்ல காலை முதலில் வைப்பான், இறங்கும்போது வலிக்கிற காலை, நடிக்கிறவனுக்கு அது தெரியாது, அகப்பட்டுக்கொள்வான். இரண்டாவது வீட்டுப் படியில் பிசகில்லாமல் ஏறினேன், அந்தக் கேவலத்திலும் ஒரு பெருமை. ஆனால் ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர் பின்னாலேயே வந்தார், இடது கால் என்றல்லவா சார் சொன்னார் என்று கவலையாகக் கேட்டார். மாறி மாறி வலிக்கும் என்றேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இதே பதிலைச் சொன்னான், அவனைக் கூடுதலாக இரண்டு சுற்று ஓடவிட்டேன், நல்ல பிள்ளை, திட்டிக்கொண்டேதான் ஓடியிருப்பான்.

எப்படி ஆரம்பித்திருப்பார்... வீட்டம்மா வரலையா என்று யாரோ கேட்டிருப்பார்கள், கால் வலி என்று சும்மா சொல்லியிருப்பார், அடுத்த வாரம் கால் தேவலையா என்று கேட்டிருப்பார்கள், இல்லை என்று சொல்வது சுலபம், அதற்கடுத்த வாரம் ஆரஞ்சு வந்திருக்கும், அப்புறம் எங்கே திரும்புவது? முதல் தடவை என்னைக் கூப்பிட்டார்தான், நன்றாக நினைவிருக்கிறது, இடிஞ்ச வீட்டைப் பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா என்றேன், வாரம் முழுக்க வெயிலில் நின்றவள் வேறென்ன சொல்வாள். சரி, வேலையிலிருந்து நின்ற பிறகு? மூன்று வருடம் வீட்டில்தானே இருந்தேன், பேப்பரை நாலு தடவை படித்துக்கொண்டு. அப்போது கூப்பிட்டிருக்கலாமே... எப்படிக் கூப்பிடுவார், படுக்கையில் கிடக்கிறவளை விடுவிடுவென்று நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பார்? ஞாயிறு காலையில் வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டுவார், கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். ஒரு லேசுக்கு ஒரு யுகமா என்று உள்ளேயிருந்து கிண்டல் செய்வேன். அவர் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவார்.

தெரு முடிகிற இடத்தில் ஒரு வீடு, ரொம்பச் சின்னது, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது, ஓடு சரிந்து, மரத்தின் வேர் மதிலை ஒரு பக்கம் தூக்கிவிட்டிருந்தது. டாக்டர் குறிப்புத்தாளை மடித்து வைத்துவிட்டார். இந்த வீட்டுக்கு சார் கதையே சொன்னதில்லை என்றார். “என் வொய்ஃப் நடக்க ஆரம்பிச்சா முதல்ல இங்கதான் கூட்டிட்டு வருவேன்னு மட்டும் சொல்வார்மா. ஏன்னு கேட்டா, அவகிட்டதான் சொல்வேன்னுடுவார்.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எனக்குத் தெரியும் என்று நினைத்தார்கள் போல. எனக்கு என்ன தெரியும்... கதவைப் பார்த்தேன், சன்னலைப் பார்த்தேன், அவர் தட்டுகிற மாதிரி மதிலைத் தட்டிக்கூடப் பார்த்தேன், சுண்ணாம்புதான் உதிர்ந்தது. அடப் பாவி மனுஷா, என்னத்தைச் சொல்ல வைத்திருந்தாய், சோற்றுக்கு உட்காரும்போது சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா. அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை, கால் வலிக்கிறது என்று நினைத்து யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

மருந்துக்கடைக்காரம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பேச்சை மாற்றத்தான் கேட்டிருக்க வேண்டும். “எப்பம்மா எழுந்து நடக்க ஆரம்பிச்சீங்க?”

“அவர் போனப்புறம்தான்” என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கூட்டம் மெதுவாக பஸ் நிறுத்தத்தின் பக்கம் திரும்பியது, எனக்காகவே எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். நானும் காலை இழுத்துக்கொண்டே போனேன், எந்தக் கால் என்று இனி யார் பார்க்கப்போகிறார்கள்... இன்னும் ஒரே ஒரு தடவை அவர் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனா? வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அவர் அப்படி நினைக்கவில்லை போலிருக்கிறது.