ஒரு சாண் இடம்

தண்ணீர் நிலையத்தின் பெரிய பம்பு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கண்ணாடியாகிவிட்டது. இரும்பாக இருந்தபோது எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது. உள்ளே தண்ணீர் சுழல்வது மட்டும் வெளியே தெரிந்தது. காரணம் பம்பு மெக்கானிக்கின் எழுத்து. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த ஆளுக்கு ஒரு பழக்கம். ஷிப்டு முடிந்து கையைக் கழுவியதும், இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, அதைப் பற்றி அன்றைக்குப் புரிந்ததைக் கரித்துண்டால் சுவரில் எழுதுவான். திரும்பிப் பார்க்க மாட்டான். எழுத வராத இடத்தில் ஒரு சாண் வெறுமனே விட்டு, மறுநாள் அந்தப் பாகத்தை மட்டும் கழற்றிப் பார்த்து நிரப்புவான். கடைசிச் சாண் நிரம்பிய அன்றுதான் பம்பு கண்ணாடியானது. அதிகாரிகள் வந்து தட்டிப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். எழுதுகிறவனை நம்புவதற்கில்லை, அது தெரிந்த விஷயம்தான். ஆனால் பம்பு கண்ணாடியாக நிற்கிறதே, அதை என்ன செய்வது. பாசி பிடித்தால் துடைக்க ஒரு ஆளைப் போட்டார்கள்.

மெக்கானிக்கின் மனைவி சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் ஏதோ இருக்கிறது, எக்ஸ்ரே படத்தில் பிடிபடவில்லை, கண்ணில் பட்டால் வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அன்றே அவன் சமையலறைச் சுவரில், அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, அவளைப் பற்றி எழுத ஆரம்பித்தான். மூன்று வரிக்கு மேல் வரவில்லை. கல்யாணமாகி முப்பது வருஷம். சுவர் முழுக்க வெறும் சாண்தான்.

“பம்பு எவ்வளவோ தேவலபோல,” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு தினமும் கேட்டான். எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், அக்காவோடு ஏன் பேச்சு நின்றது, விரலில் ஊசி ஏறிய அன்று தன்னிடம் ஏன் சொல்லவில்லை. குத்திக் குத்தித்தான் பதில் சொன்னாள், ஆனால் சொன்னாள். அவன் எழுத எழுத அவள் விரல்கள் கண்ணாடியாயின, பிறகு மணிக்கட்டு, தோள், கழுத்து. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மழைக்காலம் முடிவதற்குள் நெஞ்சில் உள்ளங்கை அகலம் மட்டும் சதையாக மிச்சம். சுவரிலும் ஒரே சாண். நோய் அதற்குள்தான், பார்க்காமல் கத்தி வைத்தால் உயிர் தங்காது என்றார் டாக்டர். பிள்ளை இல்லாத வருத்தமா, பாதியில் நின்ற படிப்பா என்று அவன் ஊகித்து எழுதிப் பார்த்தான். ஊகத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை, கரி உதிர்ந்தது. கடைசியில் முதல் தடவையாகத் திரும்பி நின்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

“அங்க என்னத்தடி வெச்சிருக்க? சொல்லிடு.”

“இத்தன வருஷம் கேக்கல. இப்ப கேட்டதுக்கு மத்ததெல்லாம் குடுத்துட்டேன். இது எனக்கு.”

“செத்துப் போயிடுவ.”

“போறேன். நீங்க போய் மூஞ்சியக் கழுவுங்க, ஒரே கரி.”

குளிர் தொடங்கியபோது செத்தாள். தூக்கினவர்கள் உடைந்துவிடுமோ என்று பார்த்துப் பிடித்தார்கள்; கனம் எல்லோருக்கும் இருக்கிற கனம்தான். அவன் எழுதுவதை விடவில்லை. வேறு எதுவும் இல்லாததால் வீட்டைப் பற்றி எழுதினான், சமையலறைச் சுவர் கண்ணாடியாகிவிட்டது. தெருவில் போகிறவர்களுக்கு அவன் சாப்பிடுவது தெரியும். அந்த ஒரு சாண் மட்டும் செங்கல்லாகவே நிற்கிறது. அதற்கு நேராக ஸ்டூலைப் போட்டுத்தான் உட்காருகிறான். முகத்தை மறைக்க அது போதும்.