கதவுக்குப் பின்னால் ஒரு டீச்சர்

"நாங்க மொதல்ல கெளம்பறோம். நாங்க தெருவத் தாண்டின பொறவு நீ வெளிய வா. நல்ல நாளும் அதுவுமா எதுக்க வந்து நிக்காதே" என்றாள் மரகதம்.

குரலில் கோபமில்லை. அடுப்பை அணைக்கச் சொல்வதுபோல அண்ணி அதைச் சொன்னதுதான் காந்திமதிக்கு அலுப்பாக இருந்தது.

"சரி அண்ணி."

அண்ணன் மகள் இசைவாணியைக் குளிப்பாட்டித் தலை பின்னி, புதுச் சட்டை போட்டுவிட்டவள் காந்திமதிதான். அதுவரை தோஷமில்லை. முதலெழுத்துப் போடப் பள்ளிக்கூடத்துக்குக் குழந்தை வாசல்படி தாண்டும்போதுதான் அத்தை கண்ணில் படக்கூடாது.

போன வருஷம் வரை ஸ்ரீபெரும்புதூரில் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பென்றால் காந்திமதி டீச்சர்தான். புருஷன் லாரியில் அடிபட்டுப் போனதும், சின்னப் பிள்ளைகள் அவள் முகத்தில் விழிக்க வேண்டாமென்று கரெஸ்பாண்டன்ட் கோதண்டராமன் அவளை ரசீது எழுதும் அறைக்கு மாற்றினார். ரோஷத்தில் வேலையை விட்டாள். ரோஷம் எங்கே சோறு போட்டது? சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரம் என்று படியேறிய இடமெல்லாம் சர்டிபிகேட்டைப் பார்க்குமுன் நெற்றியைப் பார்த்தார்கள். கடைசியில் கோதண்டராமனே ஆளனுப்பினார். புதிதாக வந்த பெண் நின்றுவிட்டாளாம். பழைய வகுப்பையே தருகிறேன், விஜயதசமியன்று வந்துவிடுங்கள் என்றார். இதையும் விட்டால் அவளுக்குப் போக்கிடமில்லை.

பள்ளிக்கூடத்தில் கோதண்டராமன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். பெத்தவங்க சங்கடப்படுவாங்க. இன்னிக்கி அரிசில எங்க வூட்டம்மாதான் எழுத வெக்கப்போறாங்க. அவங்களுக்கு எழுத்து வராது. நீங்க கதவுக்குப் பின்னால நின்னுக்கினு எப்பிடி இழுக்கணும்னு சொல்லுங்க. நாளைலருந்து கிளாஸ் உங்களுது."

அட, சுமங்கலியாக இருந்தால் போதும், எழுதத் தெரிய வேண்டியதில்லை! காந்திமதி கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

கைநாட்டு வைக்கிற அவர் மனைவி செல்லம்மாள், முகமெல்லாம் மஞ்சளாக அரிசித் தாம்பாளத்து முன் உட்கார்ந்தாள். ஒவ்வொரு குழந்தையாக வந்தது. "சுழிங்கம்மா... இப்ப கீழ எறக்குங்க..." கதவு இடுக்கிலிருந்து காந்திமதி கிசுகிசுத்தாள். செல்லம்மாளுக்கு வேர்த்துக் கொட்டியது.

இசைவாணியின் முறை வந்தது. அவள் விரலை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"வுடுங்க ஆயா, எனக்கே தெரியும்." அரிசியில் அ, ஆ, இ என்று மளமளவென எழுதினாள். "அத்தை அப்பவே வெரலப் புடிச்சு எழுத வெச்சுட்டாங்களே!"

மரகதத்தின் முகம் கறுத்தது. கோதண்டராமன் கதவோரம் ஓடிவந்தார்.

"கொழந்த ஒளறுதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க டீச்சர். இல்லன்னா நாளைக்கி உங்கள எப்பிடிக் கிளாஸ்ல வெப்பேன்?"

பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. அவளிடம் அது மிச்சமில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"நான்தான் சார். வேல தேடி அலஞ்சிட்டு வந்த சாயங்காலமெல்லாம் இவளுக்குத்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றவள் தாம்பாளத்தின் எதிரே உட்கார்ந்தாள். "அடுத்த கொழந்தைய அனுப்புங்க."

வரிசை நகரவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளைப் புடவையோடு சேர்த்து இழுத்துக்கொண்டார்கள். காந்திமதி எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள்.

செல்லம்மாள் புருஷனைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். பிறகு மஞ்சள் படிந்த தன் விரலைக் காந்திமதியிடம் நீட்டினாள்.

"எனக்குப் போட்டு வுடு டீச்சரம்மா. எனக்கு இன்னும் யாரும் மொத எழுத்து போடல."