கரண்ட் போய் வந்தது

மரியம் மதினி வீட்டைவிட்டுப் போய் மூன்று மாதமாகியும் டீவிப் பதிவுப் பெட்டி குறித்துவைத்த நேரங்களைத் தொலைப்பதை நிறுத்தவில்லை.

அவள் போனபின் முதல் தடவை கமீலா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தானே றிமோட்டில் எதையோ பிழையாக அழுத்தியிருக்கக்கூடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டாம் தடவை, தான் படிப்பிக்கும் பாடசாலை விட்டு வந்து முகம்கூடக் கழுவாமல் டீவியைப் போட்டு, மகளின் புலமைப்பரிசில் பரீட்சைக்காகக் காலையில் குறித்துவைத்த பாட நிகழ்ச்சியைத் தேடினாள். பதிவும் இல்லை, குறித்துவைத்த பட்டியலும் இல்லை. பகல் முழுவதும் வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. கதவைப் பூட்டித் திறப்பைத் தன் கைப்பையில்தான் கொண்டுபோயிருந்தாள். கைப்பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்தாள்.

அந்தப் பெட்டியைக் கத்தாரிலிருந்து கொண்டுவந்தது அவளுடைய புருஷன் உசனார். டிஷ்ஷோடு பொருத்தி, நாளும் நேரமும் குறித்துவிட்டால் ஆள் இல்லாத நேரத்திலும் நிகழ்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். அனல்மின் நிலையம் இருக்கும் நுரைச்சோலையில் அப்போது வேறு வீடுகளில் அப்படியொன்று இல்லை. ஆனால் வந்து ஒரு வருடத்துக்குள்ளேயே அதற்கு ஒரு மறதி பிடித்துவிட்டது. பத்துக்கு நாலு தடவை, குறித்தது ஒன்றுமே நடக்காததுபோல வெறுமையாக நிற்கும். அப்போதெல்லாம் வீட்டில் இருந்த ஒரே ஆள் மரியம்.

மரியம் உசனாரின் மூத்த சகோதரி. ஐம்பது தாண்டியவள், விதவை, பிள்ளையில்லை. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, எருக்கலம்பிட்டியிலிருந்து சனங்களோடு சனமாக வள்ளத்தில் ஏறி கற்பிட்டியில் இறங்கியபோது, பன்னிரண்டு வயது உசனாரின் கையைப் பிடித்திருந்தவள் அவள்தான். அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் கிடந்து, வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போய், தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கினாள். அவன் கல்வீடு கட்டியபோது அதில் அவளுக்கும் ஓர் அறை வைத்தான். கமீலாவுக்கும் அவளுக்கும் பெரிய சண்டை என்று இருந்ததில்லை. பெரிய ஒட்டும் இருந்ததில்லை.

நோன்பு மாதத்தில்தான் எல்லாம் நடந்தது. மகள் நிஸ்மியா நாலாம் வகுப்பு. ஒரு தொலைக்காட்சி நிலையம் பிள்ளைகளுக்கு வைத்த பேச்சுப் போட்டியில் கொழும்புவரை போய் இரண்டாம் இடம் எடுத்திருந்தாள். மரியத்துக்கு அது பிடிக்கவில்லை. "பொம்புளப் புள்ளய டீவில ஏத்தி ஊருக்கெல்லாம் காட்டுறது என்னத்துக்கு?" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள். அந்தச் சொல் கமீலாவின் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

நிகழ்ச்சி வரும் நாளில், பதினெட்டாம் நோன்பன்று, கமீலாவின் உம்மாவைப் புத்தளம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கமீலா நிகழ்ச்சி தொடங்கும் நாலரை மணிக்குப் பெட்டியில் நேரத்தைக் குறித்துவிட்டு, இரண்டு தரம் சரிபார்த்து, மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். நோன்பு திறக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால் பட்டியல் துடைத்துவிட்டதுபோல இருந்தது. நிஸ்மியா கதிரையில் முகம் புதைத்து அழுதாள். வாப்பா கத்தாரில் அதைப் பார்க்கக் காத்திருந்தார். தொலைக்காட்சிக்காரர்களுக்கு எடுத்துக் கேட்டதற்குப் பிரதி தரும் வழக்கமில்லை என்று விட்டார்கள்.

"மதினி, நீங்க இதத் தொட்டீங்களா?"

"நான் என்னத்துக்குத் தொடுறன்? எனக்கு அத அமத்தவும் தெரியாது. அசர் தொழுகைக்குப் பொறகு கரண்ட் ஒருக்காப் போய் வந்திச்சு. வேற ஒண்டும் நடக்கல்ல."

"கரண்ட் போய் வந்திச்சாம்" என்று கமீலா சிரித்தாள். "டீவி நிண்டா திரும்பப் போட்டுக்கலாம். நாங்க எழுதி வச்ச நேரம் எங்க போகும்? அது தன்டபாட்டுல அழிஞ்சு போகுமா?"

"வல்லாஹி, சத்தியமா நான் தொடல்ல கமீலா."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். பிறகு எத்தனையோ தடவை கமீலா அந்த இடத்துக்கே மனதால் திரும்பிப் போய்ப் பார்த்தாள். ஆனால் அன்றைக்கு வெறும் வயிறும், ஆஸ்பத்திரி அலைச்சலும், பிள்ளையின் அழுகையும் சேர்ந்து அவள் வாயைத் திறந்துவிட்டன.

"எங்கட புள்ளக்கி ஒரு நல்லது நடந்தா உங்களுக்குப் பொறுக்காது. பெத்திருந்தாத்தானே அந்த அருமை விளங்கும்."

மரியம் கையில் இருந்த கஞ்சிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த நாள் உசனார் தொலைபேசியில் அரை மணித்தியாலம் அவளோடு கதைத்தான். அவன் என்ன சொன்னான் என்பது கமீலாவுக்கு முழுதாகக் கேட்கவில்லை. "சரி வாப்பா, சரி" என்று மரியம் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் கேட்டது. பெருநாள் கழிந்து ஆறாம் நாள் அவள் தன் உடுப்புகளை இரண்டு பைகளில் கட்டிக்கொண்டு, ஆலங்குடாவில் இருக்கும் தன் உறவுக்காரியான சாச்சி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது நிஸ்மியாவின் தலையைத் தடவினாள். கமீலாவிடம் ஸலாம் மட்டும் சொன்னாள்.

"மாமி அழிச்சிருக்க மாட்டாங்க உம்மா" என்று நிஸ்மியா அன்று சொன்னாள். கமீலா அவளைப் பாடம் படிக்கச் சொன்னாள்.

இப்போது மூன்று மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், டீவி திருத்தும் மஸாஹிர் அவள் வீட்டு விறாந்தையில் சப்பணம் கட்டி உட்கார்ந்து பெட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது ஆள், பேச்சுக் குறைவு. முதலில் அவர் எல்லாவற்றையும் கேட்டறிந்தார். எத்தனை நாளாக, எந்த நேரத்தில், பழைய பதிவுகளும் அழிகின்றனவா, குறித்துவைத்தவை மட்டுமா என்று ஒவ்வொன்றாக.

"குறிச்சது மட்டுந்தான், மஸாஹிர் நானா. புடிச்சு வச்சது அழியல்ல."

"அப்ப பதிவு தங்குற டிஸ்க்குல பிழை இல்ல" என்றார்.

பத்து நிமிடத்தில் முடியும்படி ஒரு நேரத்தைக் குறித்துக் காத்திருந்தார். பெட்டி சரியாகப் பிடித்தது. றிமோட்டைச் சோதித்தார், அதுவும் சரி. பிறகு மூன்று நேரங்களைக் குறித்துப் பட்டியலை அவளுக்குக் காட்டினார். எழுந்துபோய்ச் சுவரிலிருந்து பிளக்கை இழுத்தார். ஐந்து எண்ணும்வரை நின்று திரும்பப் போட்டார். பெட்டி விழித்துக்கொண்டது. திரையின் மூலையில் பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதலாம் தேதி. பட்டியல் வெறுமை.

கமீலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மஸாஹிர் ஆணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு மூலையில், கைக்கடிகாரத்துக்குப் போடுவதுபோன்ற சின்ன பற்றரி ஒன்று இருந்தது. அதைப் பிடித்திருந்த தகட்டில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. சுண்டுவிரலால் தொட்டதும் தூள் உதிர்ந்தது.

"உப்புக் காத்து. கரண்ட் இல்லாத நேரம் நேரத்தையும் எழுதினதையும் ஞாபகம் வச்சிருக்கிறது இந்தப் பற்றரிதான். இது தொடுகை விட்டா, கரண்ட் கண் சிமிட்டினாலே போதும், எல்லாத்தையும் மறந்திரும். கரண்ட் செய்யிற ஊருல இருக்கிறம், எங்களுக்குத்தான் ஒழுங்கா இல்ல."

"நோம்புல... பதினெட்டாம் நோம்பு அண்டு, அசருக்குப் பொறகு, கரண்ட் போனதா நானா?" கேட்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

அவர் சற்று யோசித்தார். "போன. எனக்கு நல்ல ஞாபகம். சாஹுல் ஹமீது ஹாஜியார்ட ஃபேனுக்கு ஈயம் பத்த வச்சிட்டு இருந்தன், பாதியில நிண்டுட்டு. கால் மணித்தியாலத்துல வந்திச்சு. ஏன் டீச்சர்?"

"ஒண்டுமில்ல."

அவர் தகட்டைச் சுரண்டித் துடைத்து, புதுப் பற்றரி போட்டு, பிளக்கை நாலு தரம் இழுத்துப் போட்டுக் காட்டினார். நாலு தரமும் பட்டியல் அப்படியே நின்றது. போகும்போது, "இத முதலே காட்டியிருந்தா அஞ்சு நிமிஷ வேல" என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அதை யாருக்கும் சொல்லாமல் கமீலா ஒரு கிழமை வைத்திருந்தாள். மரியத்தின் அறையில் இப்போது நிஸ்மியாவின் மேசையும் புத்தக அலுமாரியும் இருந்தன. அவற்றை எங்கே மாற்றுவது என்று ஒருநாள் அளந்துகூடப் பார்த்தாள். உசனாரோடு கதைக்கும்போதெல்லாம் சொல்ல வாயெடுத்து, பிள்ளையின் பரீட்சை, உம்மாவின் மருந்து என்று வேறு கதைக்குப் போய்விட்டாள். தான் தப்பிக்கப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை ஆலங்குடாவுக்குப் பஸ் ஏறினாள்.

சாச்சி மகள் வீட்டில் மரியம் இல்லை. கடற்கரையில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஹோட்டலொன்றில் துணி கழுவப் போகிறாள் என்றார்கள். கமீலா மணலில் நடந்து பின்பக்கமாகப் போனாள். தென்னைகளுக்கிடையே கட்டிய கொடியில் படுக்கை விரிப்புகள் காற்றுக்குப் படபடத்தன. கடல் பக்கம், பட்டத்தில் தொங்கி அலைமேல் பாய்கிறவர்களின் கூச்சல் கேட்டது. மரியம் முக்காட்டை இறுக்கிக் கட்டி, ஈரவிரிப்பொன்றைப் பிழிந்துகொண்டிருந்தாள். கைகள் முழங்கைவரை வெளிறி ஊறியிருந்தன.

"மதினி."

"வா. புள்ள சுகமா?"

"சுகம்." கமீலா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பற்றரி, களிம்பு, மஸாஹிர் பிளக்கை இழுத்தது, பதினெட்டாம் நோன்பு. "நீங்க சொன்னது சரி. கரண்ட்தான். நான் பேசினது பிழை. மாப்பு தாங்க."

மரியம் விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள். ஓரத்தை நேராக்கினாள்.

"பெட்டி சொன்னதால நம்புற. நான் சத்தியம் பண்ணினேன், அதுக்கு ஒண்டுமில்லயா?"

கமீலா மணலைப் பார்த்தாள்.

"அந்தப் பற்றரில பிழை தெரிஞ்சிருக்காட்டி, நான் மவுத்தாகும் நாள் வரைக்கும் கள்ளிதானே?"

"அப்படிச் சொல்லாதீங்க மதினி."

"உசனாருக்குச் சொல்லிட்டியா?"

கமீலா கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். கேள்வி கேட்டவள் பதிலுக்காக அவசரப்படவில்லை. அடுத்த விரிப்பை வாளியிலிருந்து எடுத்துப் பிழியத் தொடங்கினாள். தண்ணீர் வடிந்து மணலுக்குள் போனது.

"என்ட காதுக்கு மட்டும் சொல்ல வந்திருக்க" என்றாள் பிறகு. குரலில் கோபமில்லை. "போ புள்ள. முதலாளி பார்த்தா வேல நேரத்துல கதைக்கிறன் எண்டு சொல்லுவான்."

கமீலா றோட்டுக்கு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே உசனாருக்கு அழைப்பெடுத்தாள். இனி ஒரு நிமிடம் பிந்தினாலும் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒன்றும் மறைக்காமல் சொன்னாள், பெத்திருந்தால்தானே என்று தான் சொன்ன சொல்லையும் சேர்த்து. மறுமுனையில் அவன் அழுகிறானாக்கும், தன்னை ஏசப்போகிறானாக்கும் என்று காத்திருந்தாள். ஏசட்டும் என்றிருந்தது.

"நான் மரியம் ராத்தாட்ட அண்டைக்கு போன்ல என்ன சொன்னன் எண்டு தெரியுமா உனக்கு?" என்றான்.

"தெரியாது."

"தெரியாமலே இருக்கட்டும்." சொல்லிவிட்டுக் கதையை மாற்றினான். "இப்ப அவக்கு அங்க வேலயும் இருக்குதானே கமீலா? சாச்சி மகளும் பக்கத்துல. திரும்பக் கூட்டி வந்தாலும் ரெண்டு பேருக்கும் மூஞ்ச பார்க்க ஏலுமா? விடு. நான் லீவுல வந்தா ஒருக்காப் போய்ப் பார்க்கிறன்."

அவள் "ம்" என்றாள்.

தொலைபேசியைப் பைக்குள் போட்டபோது நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. அறையைக் காலிபண்ணத் தேவையில்லை. மரியத்தின் முன்னால் தினமும் சோறு வைத்துத் தலைகுனிந்து நிற்கத் தேவையில்லை. இறங்கியது நிம்மதிதான் என்று விளங்கியதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் நிம்மதி போகவில்லை.

கற்பிட்டியிலிருந்து வந்த பஸ் நின்றது. யன்னலோரம் ஓர் ஆசனம் காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்து, நுரைச்சோலைக்கு ரிக்கற் கேட்டாள்.