ஒன்றரை முழக் கட்டில்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆன அரங்கநாதன், வடக்கனந்தலில் இருந்த சொந்த வீட்டுக்கு ஒரு பழைய வேனோடு திரும்பினான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஓய்ந்துபோன வண்டி. கள்ளக்குறிச்சியில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் பக்கீர் முகமதுவிடம் வாங்கியது.

"இதுல கட்டிலு, அடுப்பு எல்லாம் வெச்சி மலமலயா சுத்தப் போறேன்" என்றான், வாசலில் வந்து நின்ற பெண்டாட்டி இருசம்மாளிடம்.

இருபத்தெட்டு வருஷம் ஆலைப் பக்கமே அறை எடுத்துத் தங்கி, வாரத்துக்கு ஒருநாள் வந்து தின்று தூங்கிவிட்டுப் போனவன் அவன். சமையல்கட்டில் ஒரு பலகை அடித்துக் கொடு என்று கேட்டால், "லீவு நாள்லயும் சுத்தியலப் புடிக்கணுமா?" என்று எரிந்து விழுவான். தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து அவளுக்குத் தோள்பட்டையே தேய்ந்துபோயிருந்தது. வீட்டுக்குள் ஒரு குழாய் இழுப்பது அவனுக்கு அரைநாள் வேலை. இழுக்கவில்லை.

இப்போது விடிந்தால் சுத்தியல் சத்தம். சீட்டுகளைக் கழற்றினான். துருவேறிய தரையை அறுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். உள்ளே சுற்றிலும் பிளைவுட் அடித்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தடுப்பு வைத்தான். மசாலா டப்பாவுக்கு ஒரு தட்டு, பாத்திரத்துக்கு ஒரு தட்டு. கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டு, கை வைத்தால் வழுக்குகிற மாதிரி தேய்த்தான்.

ஒருநாள் அவன் கடைக்குப் போயிருந்தபோது இருசம்மாள் வேனுக்குள் ஏறிக் குழாயைத் திருகினாள். தண்ணீர் கொட்டியது. கட்டிலைக் கையால் அளந்து பார்த்தாள். அகலம் ஒன்றரை முழம்தான்.

அவன் வந்ததும் கேட்டாள். "யாருக்கு இந்தக் கட்டிலு?"

"எனுக்குத்தான். நீதான் வரமாட்டியே."

"கூப்ட்டுப் பாத்தியா?"

"கூப்ட்டா மூஞ்சத் தூக்கிக்கினு வருவ. பத்து நாளாவது அதப் பாக்காம இருக்கறனே."

அன்றிலிருந்து வீட்டில் சோற்றுத் தட்டைத் தரையில் இடிக்கிற சத்தம்தான்.

ஆவணியில் ஒரு காலை அவன் வண்டியை எடுத்தபோது, இருசம்மாள் ஒரு துணிப்பையோடு பக்கக் கதவு வழியாக ஏறிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்குடி."

"போய்க்கினே இரு."

மலை வளைவில் வாந்தி எடுத்து, வெள்ளிமலையில் பஸ் ஏறித் திரும்பிவிடுவாள் என்று அவன் கணக்குப் போட்டான். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் ஒவ்வொரு வளைவிலும் வேண்டுமென்றே வண்டியை வெட்டி வெட்டித் திருப்பினான். அவள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் சூடேறி ஆவி கக்கியது. அவன் ஓரங்கட்டினான். தொட்டிக் குழாய் அவள் பக்கம் இருந்தது; அவளிடம் கேட்க மனமில்லாமல் கேனை எடுத்துக்கொண்டு கீழே ஓடைக்கு இறங்கினான். திரும்பி வந்தபோது பக்கக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.

"தொறடி! என் வண்டி இது!"

"எங்கூட ஒரே வூட்ல இருக்க முடியாதவன்தான நீ. வெளியவே நில்லு."

கண்ணாடியை உடைக்கக் கல்லைத் தூக்கினான். தானே ரப்பர் வைத்துப் பொருத்திய கண்ணாடி. கை வரவில்லை. கல்லைப் பள்ளத்தில் வீசினான். மழை பிடித்துக்கொண்டது.

மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு போன செல்லமுத்து என்கிற மலைக்காரர் நின்றார். "இன்னாங்க, வண்டி ரிப்பேருங்களா?"

ஜன்னல் திறந்தது. டீ டம்ளரோடு ஒரு கை நீண்டது. அரங்கநாதன் வாங்கக் கை நீட்டினான்.

"அண்ணா, நீங்க குடிங்க. நல்லா நனைஞ்சிட்டீங்க" என்றாள் இருசம்மாள், செல்லமுத்துவைப் பார்த்து.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மடக்கில் குடித்து டம்ளரைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மழை விடும்வரை அரங்கநாதன் டிரைவர் சீட்டில் ஈரத்தோடு, பசியோடு கிடந்தான். தடுப்புப் பலகையைக் குத்திக் குத்திக் கை வீங்கியதுதான் மிச்சம். பிறகு தண்ணீர் ஊற்றி வண்டியைத் திருப்பினான். வழியெல்லாம் அவளையும் அவள் பிறந்த வீட்டையும் திட்டிக்கொண்டே இறங்கினான். அவள் காலை நீட்டிப் படுத்து, ஓடுகிற மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த மாதிரி இல்லை.

"எறங்கு. வூடு வந்துடுச்சி."

"உன் வூடுதான. நீ போ."

அன்றிலிருந்து அவள் வேனில்தான். கூலி வேலைக்குப் போகும்போது பக்கக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். அவன் வீட்டுக்குள் சோற்றைத் தீய்த்துத் தின்றான். "ஊரே சிரிக்குது இருசு" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள். "சிரிக்கட்டும்" என்றாள்.

ஐப்பசி மழையில் வீட்டு ஓடுகள் சரிந்து தண்ணீர் உள்ளே கொட்டியது. அரங்கநாதன் ஏணியைச் சாத்தி மழையிலேயே ஏறினான். ஈரமண்ணில் ஏணி ஆடியது. ஜன்னல் வழியாக இருசம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து பிடி என்று அவன் கூப்பிடவில்லை. அவளும் இறங்கவில்லை.