காத்து வரட்டும்

அக்காவும் அத்தானும் ஒரே சோபாவில் உட்கார்ந்து அவள் பார்த்து நாலு வருடமாகிறது. சண்டையெல்லாம் இல்லை. ஒரு சுவாமியின் தியான சபையில் சேர்ந்ததிலிருந்து அக்கா பக்கத்தில் ஓர் ஆள் அளவு இடம் விட்டுத்தான் யாரும் உட்கார வேண்டும். அத்தான் பேருந்து ஓட்டுநர். நாளெல்லாம் நெரிசலில் கிடந்துவிட்டு வருகிற மனிதர், வாயைத் திறக்காமல் ஜன்னலோர நாற்காலிக்குப் போய்விட்டார்.

அவளுக்குத் தொழில் மொழிபெயர்ப்பு. வீடியோக்களின் அடியில் ஓடும் வரிகளை எழுதுவாள். ஆறு வருடத்துக்கு முன் சபைக்காரர்களும் சுவாமியின் பேச்சுகள் சிலவற்றைக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தாள், மறந்துபோனாள். அப்போது சபைக்கு ஒரே ஒரு கூடம். இப்போது பன்னிரண்டு நாடுகளில் இருக்கிறதாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் நச்சரிப்பு தாங்காமல் கூடப் போனாள். அவர்கள் குடியேறிய வெளிநாட்டு நகரில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் கூடம். தமிழே தெரியாத நாற்பது பேர் கண்மூடித் தமிழில் பாடினார்கள். ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி காலி. சுவரில் அந்த ஊர் மொழியில் பெரிதாக ஒரு வாசகம்: 'சற்று விலகி அமருங்கள். மூச்சு உள்ளே வரட்டும்.'

அது அவள் எழுதிய வரி.

வீட்டுக்கு வந்ததும் பழைய ஒலிப்பதிவைத் தேடி எடுத்துக் கேட்டாள். சுவாமி மூச்சுப் பயிற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தி, "ஐயா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. காத்து வரட்டும்" என்கிறார். பின்னால் ஃபேன் சத்தம். யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். "ம்... எங்க விட்டேன்?"

உடனே அக்காவுக்கு ஃபோன் போட்டாள்.

"அக்கா, அது ஃபேனை மறைச்ச ஆள்கிட்ட சொன்னது! அவசரத்துல நான்தான் காத்தை மூச்சுன்னு எழுதித் தொலைச்சிட்டேன்."

அக்கா அசரவில்லை.

"சரி, நீ தப்பாவே எழுதினேன்னு வச்சுக்கோ. உன்னை அப்படி எழுத வச்சது யாரு?"

அவள் வாயெடுப்பதற்குள் அத்தான் ஃபோனை வாங்கிக்கொண்டார்.

"ஏம்மா, அப்போ நான் பக்கத்துல உக்காரலாமா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

சபைக்குக் கடிதம் எழுதினாள். மூன்றாம் நாள் செயலாளர் அம்மாளிடமிருந்து பதில் வந்தது. பதிவில் வரியைத் திருத்திவிட்டார்கள், நன்றி. உட்காரும் முறையை மட்டும் மாற்றப்போவதில்லை. மனைவியை இழந்த ஒருவர் அந்தக் காலி நாற்காலிதான் தனக்குத் துணை என்று எழுதியிருக்கிறார். அவரிடம் போய் இது ஃபேன் விஷயம் என்று எப்படிச் சொல்வது? சுவாமியைக் கேட்கலாமென்றால் அவர் ஒரு வருடமாக மௌனத்தில் இருக்கிறார்.

கடிதத்தை நாலு தடவை படித்தாள். தப்பு செய்தோமா, நல்லது செய்தோமா என்று பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்பதென்றால்கூட யாரிடம் கேட்பது?

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் சோபாவில் இருந்தார், அக்காவை ஒட்டி. அக்கா நெளிந்துகொண்டிருந்தாள்.

"முழங்கையை அந்தப் பக்கம் வைங்களேன்."

"எந்தப் பக்கம் வச்சாலும் உனக்கு இடிக்குது."

"நாலு வருஷமா வாய்ச்சண்டை இல்லாத வீடு. நாலே நாள்ல பாரு! எல்லாம் உன்னாலதான்" என்று அக்கா அவள்மேல் பாய்ந்தாள். ஆனால் எழுந்து போகவில்லை. அத்தான் முகத்தில் மட்டும் புது மாப்பிள்ளைக் களை.

தேநீர் போட அக்கா உள்ளே போனபோது அவளும் பின்னாலேயே போனாள்.

"நிஜமாச் சொல்லுக்கா. அப்ப நல்லா இருந்துச்சா, இப்ப நல்லா இருக்கா?"

அக்கா பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள்.

"தெரியல போ" என்றாள். "சபையில தள்ளித்தான் உக்காரப் போறேன். வீட்டுல... இந்த மனுஷன் எழுந்திருச்சாத்தானே?"